ஏழாவது கேள்வி

ஏப்ரலில் ஒரு தாள் வந்தது,
மாகாணத்துக் குடும்ப மருத்துவர் எல்லோருக்கும்.
பன்னிரண்டு கேள்வி. பெயர் எழுத வேண்டாம்.
தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.
ஏழாவதில்,
முதலில் எந்த மருந்து என்பதற்கு
அரிப்புக்குப் போடும் ஊசியைக் குறித்தேன்.
வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது.
தாள் போய்விட்டது. பெயரில்லாத தாள்,
வெட்கப்படவும் ஆளில்லை.

அலமாரியில் அட்ரினலின் மூன்று குப்பி.
ஆண்டுதோறும் காலாவதியாகும்.
குல்செரென் கணக்கெழுதி எறிவாள்,
புதிதாய் மூன்று வரும்.
பதினோரு வருடத்தில்
ஒன்றின் கழுத்தையும் நான் உடைத்ததில்லை.
படித்ததற்கும் தேதி உண்டு போல;
யாரும் அதை அச்சிட்டு ஒட்டுவதில்லை.

ஆகஸ்ட். ஹேசல்நட் பறிக்கும் மாதம்.
ஓர்துவின் சரிவெல்லாம்
உர்ஃபாவிலிருந்து வந்த கூலிக்காரர்கள்.
சாக்கை ஏணையாக்கி ஒருவனைத் தூக்கிவந்தார்கள்.
மஸ்லும். இருபத்தாறு வயது.
மணிக்கட்டில் தேனீ, கால் மணிக்கு முன்.

தடிப்பைத் தேடிச் சட்டையை விலக்கினேன்.
இல்லை.
பாடப்புத்தகப் படங்களில் எல்லோரும் சிவந்திருப்பார்கள்;
இவன் வெளுத்திருந்தான்.
வாந்தி. குரல் கம்மியது.
எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று
அவன் குர்தியில் சொன்னதை
அண்ணன் துருக்கியில் சொன்னான்,
மன்னிப்புக் கேட்பதுபோல.
அதுவும் ஓர் அறிகுறி. எங்கோ படித்திருக்கிறேன்.
நாடி நூலாய் ஓடியது.

என் கை போனது
பழகிய டப்பாவுக்கு. மஞ்சள் மூடி.
ஏழாவது கேள்விக்கு அது
மறுபடி அதே பதிலை எழுதப் பார்த்தது.

நானே தடுத்தேன் என்று சொல்ல ஆசைதான்.
குல்செரென் அட்ரினலினை நீட்டியபடி நின்றாள்,
ஒன்றும் சொல்லாமல்.

அரை மில்லி. தொடையின் வெளிப்பக்கம்.
காற்சட்டையோடு சேர்த்தே குத்தினேன்,
இலைச்சாறு கறைபடிந்த துணி.
யாரோ தண்ணீர் கொடுக்க அவனை நிமிர்த்தினார்கள்.
கத்தினேன், எனக்கே தெரியாத குரலில்:
படுக்கட்டும்! காலைத் தூக்குங்கள்!
கொட்டை மூட்டை ஒன்றைக்
காலுக்கடியில் திணித்தார்கள்.

ஐந்து நிமிடம்.
கடிகாரத்தையும் ஒரு வாயையும்
மாறி மாறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் நீளம்.
இரண்டாவது குப்பி.
பிறகு என் விரலடியில்
மெல்ல, மிக மெல்ல,
நூல் கயிறானது.

ஆம்புலன்ஸ் மலையேறி வர நாற்பது நிமிடம்.
தேறிவிட்டானே, எதற்கு என்றான் அண்ணன்.
போனது திரும்பி வரலாம்,
இரவு முழுக்க அங்கே பார்க்கட்டும் என்றேன்.
ஏற்றும்போது மஸ்லும் கேட்டான்:
அரைநாள் கூலியாவது போடுவார்களா?
அந்தக் கேள்வி தாளில் இல்லை.

மாலையில் குல்செரென் பதிவேட்டைத் திறந்தாள்.
அட்ரினலின், இரண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
பதினோரு வருடப் பழக்கத்தில்
காலாவதிக்கான முதல் எழுத்தை எழுதிவிட்டு
அடித்தாள்.