அறுபத்தோரு நாள்

வலி வந்தது மீன் வெட்டும்போது அல்ல.
டீக்கடையில்,
அரை டம்ளர் டீயைத் தூக்கும்போது.

கத்தியைக் கேட்டால் கொடுத்த கை
டம்ளரைக் கேட்டதும் மறுத்துவிட்டது.
முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு முனையில்
தூண்டில் முள்ளை மாட்டி
யாரோ சுண்டியதுபோல்.
டீ சட்டையில்.
"இன்னாண்ணா, காலைலயேவா?" என்றான் மாஸ்டர்.

பத்தொன்பது வருஷமாகக் காசிமேட்டில் வெட்டுகிறேன்.
வஞ்சிரம், பாறை, பால்சுறா.
தலைக்கு ஒரு வெட்டு, நடுமுள்ளுக்கு ஒன்று,
மணிக்கட்டை முறுக்கிக்
குடலோடு ஓர் இழுப்பு.
ஞாயிற்றுக்கிழமை எத்தனை கிலோ என்று
நான் எழுதி வைத்ததில்லை.
முழங்கை எழுதி வைத்திருக்கிறது.

தைலம் தேய்த்தேன்.
கல்மண்டபத்தில் ஒருவர் சுளுக்கு என்று உருவிவிட்டார்.
மறுநாள் சட்டைப் பொத்தானைக்கூடப்
போட முடியவில்லை.

ஸ்டான்லியில் முப்பத்தேழாவது ஆள்.
டாக்டரம்மா கையை நீட்டச் சொல்லி,
மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி,
மேலிருந்து அழுத்தினார்.
நான் கத்தியதில்
வரிசையே திரும்பிப் பார்த்தது.
"டென்னிஸ் எல்போ."
நான் ஆடியது கேரம்தான், மேடம்,
அதுவும் கல்யாணத்துக்கு முன்னால்.
"டென்னிஸ் ஆடணும்னு இல்ல."
நரம்பா?
"நரம்பு இல்ல, நாண்.
சதையை எலும்போட கட்டுற நாண்.
ஒரே இழுப்பை லட்சம் வாட்டி இழுத்தா
நூல்நூலாப் பிரியும்."
வலை என்றால் மரநிழலில் உட்கார்ந்து
ஊசியால் கோத்துவிடலாம்.

ஊசி இப்போது வேண்டாம் என்றார்,
அடங்கிவிட்டுத் திரும்பி வருமாம்.
சீட்டில் இருந்தது:
முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை, பயிற்சி,
வலித்தால் ஐஸ்.
ஐஸா!
நாளெல்லாம் கணுக்கால்வரை ஐஸில் நிற்கிறவன் நான்.
இத்தனை வருஷமும் அதெல்லாம் மீனுக்கு.
சீட்டில் விளங்காத சொல் ஓய்வுதான்.
ஆறு வாரமோ எட்டு வாரமோ
யார் கொடுப்பார்கள்?

கவர்மெண்ட் கொடுத்தது.
எனக்கில்லை, மீனுக்கு.
ஏப்ரல் பதினைந்து, தடைக்காலம்.
விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்து நின்றன,
துறைமுகத்து நாய்கள்கூட இளைத்தன.
மீன் சினை வைக்கட்டும் என்று கடலைப் பூட்டினார்கள்.
அந்தச் சாக்கில் என் முழங்கையும் உள்ளே.
மகிமையின் கம்மல் அடகுக்குப் போனது.

அரைக்கிலோ எடைக்கல்லைப் பிடித்து
முன்கையை மேஜையில் வைத்து,
தூக்குவதற்கு இடக்கை உதவலாம்.
இறக்குவது மட்டும் தனியாக, மெதுவாக.
"எறக்கறதுலதாண்ணா மருந்தே"
என்றாள் பிசியோ நஸ்ரின்.
கையைப் படீரென்று இறக்கியே
சம்பாதித்தவனுக்கு
மெதுவாக இறக்குவது கூச்சமாக இருந்தது.
கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை,
மறுநாளும் வலித்தால் கல்லைக் குறை, அவ்வளவுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு
நான் எப்போதும் ஏலத்தில் இருப்பேன்.
இந்த அறுபது நாளும் வீட்டில் கிடந்ததால்தான்
மகிமை எழுந்து உட்கார்ந்து
கையை உதறுவதைப் பார்த்தேன்.
"சுண்டுவெரல் மரத்துப்பூடுது."
"எத்தினி நாளா?"
"ரெண்டு வருசம் இருக்கும். படு."

இறால் உரிக்கும் கம்பெனியில்
மேஜை விளிம்பில் முழங்கை ஊன்றி எட்டு மணி நேரம்.
பிறகு மடக்கிய கைமேல் தலைவைத்துத் தூக்கம்.
மறுநாள் ஸ்டான்லியில் நான் கேட்கவில்லை,
டாக்டரம்மாவே சொன்னார்:
"இதுதான் நரம்பு."
விளிம்பில் ஊன்றக் கூடாது.
ராத்திரி கை மடங்காமல்
துண்டு சுற்றிக் கட்ட வேண்டும்.
ரெண்டு வருஷமாச்சே, என்னிக்கு வரணும் என்று
அவளையும் திட்டினார், என்னையும்.

அன்றிரவு துண்டைச் சுற்றினேன்,
ரொம்ப இறுக்காமல்.
நீட்டிய கை நீட்டியபடி
என் பாய்மேல் வந்து விழுந்தது.
நகர்த்தாமல் கிடந்தேன்.

அவள் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன்.
அதில் எழுதியிருந்த பெயரில்
விளையாட்டு எதுவும் இல்லை.