நானூற்று எண்பத்தெட்டு

இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை
திருமலை வீதியில் ஒரு காசு இயந்திரத்துக்கு நான் காவல்.
கண்ணாடிக் கதவு,
கால் ஒன்று கட்டையான பிளாஸ்டிக் கதிரை.
குளிர் இயந்திரத்துக்கு.
அந்தக் குளிரூட்டி வெளியே துப்புகிற சூடு எனக்கு.

உள்ளே எத்தனை லட்சம் என்று தெரியாது.
என்னுடையது தெரியும்:
நானூற்று எண்பத்தெட்டு ரூபாய்.
ஐந்நூறுக்குக் குறைய அது தராது.
என் காசுதான், என் பெயரில்தான்,
பேக்கரிக் கண்ணாடிக்குள் இருக்கிற கேக் மாதிரி.

இன்று மூன்றாம் திகதி.
சம்பளம் பத்தாம் திகதி என்பார்கள் கொழும்புக் கந்தோரில்.
கொழும்புப் பத்து இங்கே வந்துசேரப் பன்னிரண்டாகும்;
இடையில் போயா விழுந்தால் பதின்மூன்று.
போன மாதம் சப்பாத்துக்கு என்று வெட்டினார்கள்.
வெட்டினது போதாதென்று சப்பாத்து கடிக்கவும் செய்கிறது.

வந்த அன்று, எட்டு நாற்பதுக்குப் போன் கிணுங்கியது.
எட்டு நாற்பத்தைந்துக்கு லீசிங்காரன் எடுத்தான்.
எப்படித்தான் மணக்கிறதோ அவனுக்கு.
தையல் மெசினுக்கு அவன்,
லைட் பில்லுக்கு ஒரு வரிசை,
யோகரதியின் தோட்டுக்கு அடகுக்கடையில் வட்டி
(முதல் அப்படியே கிடக்கிறது, தோடும்தான்).
கல்லடிப் பாலத்தில் காற்றுக்கு எதிரே சைக்கிள் உழக்கும்போது
பையில் இருந்தவை ரசீதுகள்.
என் சம்பளம் இதுவரை ஒருமுறையாவது
பாலம் தாண்டி என் வீட்டைப் பார்த்ததில்லை.

மிச்ச மாதம் தர்மகுலத்தின் கொப்பியில் நடக்கிறது.
அரைக் கிலோ பருப்பு, இரண்டு முட்டை, ஒரு ரீலோட்.
நல்ல மனிதர், ஒன்றும் சொல்லமாட்டார்.
எங்கள் பக்கத்தைப் புரட்டும்போது மட்டும்
விரலை நாக்கில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை குழுக்கடன்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் எழும்ப ஏலாது.
போன கிழமை யோகரதிக்காக இருந்தார்கள்,
வெயில் முற்றத்தைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போகும்வரை.
"அவளுகள் ஒண்டும் பேசல்ல.
அதான் தாங்க ஏலாமக் கிடக்கு" என்றாள்.
மறுகா அரிசி களைந்தாள்.

சாமம் திரும்பினால் ஆள் வராது.
நிலத்தில் விட்டுப்போன துண்டுகளைப் பொறுக்கி வாசிப்பேன்.
கூடாத பழக்கம், தெரியும்.
நாற்பத்தொரு லட்சம் வைத்திருக்கும் ஒருவர்
ஆயிரம் எடுத்துப் போயிருக்கிறார்.
இன்னொருவருக்கு அறுபத்திரண்டு ரூபாய்.
பதினொரு நிமிடத்துக்குள் நாலுமுறை பார்த்திருக்கிறார்.
நாலு துண்டிலும் அறுபத்திரண்டு.
அவர் யாராக இருக்கும் என்று நினைத்தே
ஒரு முழு இரவு போனது.
முகம் தெரிந்திருந்தால் ஒரு பிளேன்டீக்குக் கூப்பிட்டிருப்பேன்,
காசு யார் கொடுப்பது என்பது வேறு கதை.

விடிய, சூன்பாண் ஆட்டோ சகாப்தீனை மறித்து
இருபது ரூபாய் கேட்டேன்.
கிதுஷனுக்கு மாதிரிப் பரீட்சைக் காசு ஐந்நூறு, இன்று கடைசி நாள்.
ஐந்நூறாகவே கேட்டிருக்கலாம்.
ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.
"பாண் வேணாமா?" என்றான்.
"இருபது மட்டும்."

வைப்பு இயந்திரம் தாளை இரண்டு தரம் துப்பி
மூன்றாம் தரம் விழுங்கியது.
ஐந்நூற்று எட்டு.
அட்டையை மற்றதில் போடுவதற்குள் போன் கிணுங்கியது:
குறுஞ்செய்திச் சேவைக் கட்டணம், ரூபாய் இருபத்தைந்து.
நானூற்று எண்பத்து மூன்று.

என் காசு குறைவதை எனக்குச் சொல்ல
என்னிடமே கூலி.

கதவை உதைத்தேன் என்று சொல்ல ஆசை.
உதைக்கவில்லை. கமராவுக்கு நேர் கீழே நின்றிருந்தேன்.
தொப்பியைக் கழற்றி, உள்விளிம்பின் வேர்வையைத் துடைத்து,
திரும்பப் போட்டுக்கொண்டேன்.

ஏழுக்கு மாற்று ஆள் வந்தான்.
பதிவுப் புத்தகத்தில் எழுதினேன்:
இரவு அமைதி. களவு எதுவும் இல்லை.
கையெழுத்து.
கடைசி ஒற்றையில், மற்றப் பெயர்களுக்குக் கீழே, சின்னதாக,
சகாப்தீன் 20.