எட்டாவது காலம்

மண்டபம் முகாமின் பதிவேட்டில் பதினோரு காலங்கள்.
பெயர், தகப்பன் பெயர், வந்த படகு, இறங்கிய கரை,
கையிலிருந்த சாமான்.
எட்டாவது, தொழில்.

ஆடிக் கச்சானுக்குத் தாள் பறந்துவிடாமல்
உடைந்த சங்கு ஒன்றைப் பாரம்வைத்து எழுதினேன்.
நேசராசா. வயது முப்பத்தொன்று. யாழ்ப்பாணம்.
தொழில்?
'நெருப்பு நூர்க்கிறது.'
நூர்ப்பதென்றால் அணைப்பது என்று
வரிசையில் பின்னால் நின்றவள் சொல்லிக்கொடுத்தாள்.
தீயணைப்புத் துறையா?
'இல்லை. அவையின்ர வண்டிக்கு டீசல் இல்லை.
நாங்கள் ஏழு பேர். ஒரு தள்ளுவண்டில்,
ரெண்டு பீப்பா, கிணத்து வாளி.'
சம்பளம்?
சிரித்தார். நகக்கண்ணில் கரி இருந்ததாக
நினைவு சொல்கிறது. இருந்திருக்காது,
கடலில் ஒரு ராத்திரி நனைந்த கை.

சம்பளமில்லாததைத் தொழிலென்று எழுத
எனக்கு அதிகாரமில்லை.
'இல்லை' என்று எழுதி
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பிறகொரு நாள் மண்ணெண்ணெய் வரிசையில்
அவராகவே சொன்னார்:
'பொம்பர் ஒருக்காப் போட்டிட்டுப் போகாது.
சனம் கூடுமட்டும் சுத்தும்.
ரெண்டாவது, நூர்க்க வாறவனுக்கு.'
ஆகவே வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்து,
கண்ணெதிரே வீடு எரிய,
நாற்பது வரை எண்ணுவார்களாம்.
'அந்த நாப்பதுதான் வேலை.
மிச்சம் தண்ணி ஊத்துறது.'

ஏழு பேரில் கமலாசினி என்றொருத்தி
முப்பத்திரண்டில் எழும்பிவிட்டாள்.
உள்ளே குழந்தை அழுததாம்.
ஆடு என்று அடுத்த நாள் தெரிந்ததாம்.
இதைச் சொல்லிவிட்டு
எண்ணெய்ப் போத்தலின் மூடியை
இறுக்கி, இறுக்கி, இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்த இரண்டாம் ராத்திரி
தென்வரிசைக் கிடுகுக் கொட்டகையில்
ஒரு ஸ்டவ் வெடித்தது.
காற்று மேற்கே இருந்து தள்ள, தீ
கூரை விட்டுக் கூரை தாவியது.
மரைக்காயர்பட்டினத்திலிருந்து நாகூர் கனி
ஐஸ் பெட்டிகளில் கடலை மொண்டு வந்தார்.
வலை பின்னிக்கொண்டிருந்த பிரகாசி
குடத்தோடு ஓடிவந்தாள்.
நான் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

'படுங்கோ!'

முந்நூறு பேர் ஒரே மூச்சில் மணலில் விழுந்தார்கள்.
கைக்குழந்தையின் காதைத் தாய் பொத்தினாள்.
சிறுவர்கள் யாரும் சொல்லாமலே
வாயை ஆவென்று திறந்துகொண்டார்கள்.
எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் வாளியும் குடமுமாய்
நட்டுவைத்தது போல நின்றோம்.
ஒரு குரல் எண்ணிக்கொண்டிருந்தது.
பதினெட்டு. பத்தொன்பது.
நானும் அண்ணாந்து பார்த்தேன்.
நட்சத்திரம். பொறி. வேறொன்றும் இல்லை.

இருபத்தாறில்
பிரகாசி தன் குடத்தை அப்படியே
அவர் முதுகில் கவிழ்த்தாள்.
'எந்திரிங்கண்ணே. இங்கன மேல இருந்து
மழை கூட வராது.'

அவர் எழுந்தது நாற்பதுக்குப் பிறகுதான்.
உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

எழுந்ததும் வேறு ஆள்.
தண்ணீரை நிறுத்தச் சொன்னார்.
எரியாத ஐந்தாவது கொட்டகைக்கு
வலைக்கயிறு கட்டி இழுக்கச் சொன்னார்;
குடியிருந்தவன் திட்டத் திட்ட அதைச் சாய்த்து
அந்த இடைவெளியில் மணலைக் கொட்டினோம்.
தீ வந்து நின்று பார்த்தது.
விடியுமுன் சுருண்டது.

காலையில் என் மேசைக்கு வந்தார்.
எட்டாவது காலத்தைத் திருத்தக் கேட்பார் என்று
தாசில்தாரின் சுருக்கொப்பத்துக்கு
என்ன காரணம் எழுதலாமென
யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கேட்டது:
'ரெண்டு பீப்பா கிடைக்குமோ?
ஓட்டை எண்டாலும் பரவாயில்லை.
வண்டில் நாங்கள் செய்வம்.'

நாங்கள் என்றால் யார் யார் என்று
நான் கேட்கவில்லை.
வாசலில் பிரகாசி நின்றாள்,
இடுப்பில் குடம்,
பின்னால் வாய் மூடாத நாலைந்து சிறுவர்கள்.

பீப்பாய்க்கு எந்தப் படிவம் என்று தேடத் தொடங்கினேன்.