நாற்பது நிமிடம்

கொட்டாஞ்சேனையில் இரவு பத்தரை.
மின்விசிறி தாளைத் தூக்குகிறது,
அதன்மேல் வேன் சாவிக்கொத்தை வைக்கிறேன்.
அங்கே ஏழு மணி, இன்னும் வெயிலாம்.
"அண்ணா, எழுதுறியா?" என்கிறாள் துஷ்யந்தி.

எழுத்துத் தேர்வில் இருமுறை கோட்டைவிட்டு
போன மார்கழியில்தான் லைசென்ஸ் எடுத்தவள்.
ஞாயிறு காலை, கூர் என்றொரு பட்டணத்திலிருந்து
மலை ஏறி, இத்தாலிக்குள் இறங்கி,
அங்கே மத்தியானம் சாப்பிட்டு
வேறொரு கணவாயால்
இருட்டுமுன் வீடு திரும்பவேண்டுமாம்.
இருபத்திரண்டு வருசம் சுற்றுலா வேன் ஓட்டினவன்
திட்டம் போட்டுத் தரவேண்டுமாம்.

நான் அந்த மலைகளைக் கண்டதில்லை.
கடுகண்ணாவையில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்திருக்கிறேன்,
றம்பொடை வளைவுகளில், மூட்டத்துக்குள்,
ஹோர்னை மட்டும் நம்பி இறங்கியிருக்கிறேன்.
மலை எங்கேயும் மலைதானே.

எழுதிக்கொள்:
இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே, இரண்டாம் கியரை நம்பு.
ஏறி வாறவனுக்கு வழி விடு.
பெற்றோலைக் கீழேயே அடி.
ஆரபிக்கு முன் சீட், கையில் ஒரு தேசிக்காய்,
சொப்பிங் பை இரண்டு;
ஒன்று எப்படியும் ஓட்டையாயிருக்கும்.

எட்டுக்கு வீட்டை விட்டு. பத்துக்குத் தேத்தண்ணி.
பதினொன்றுக்கு எல்லை.
அதற்கு நேரே நாற்பது நிமிடம் என்றேன்.

"அது என்னத்துக்கு?"

"இறங்கி நடக்க. பையளைத் திறந்து காட்ட.
வாகனம் தனியாய்ப் போகும், சீட்டைக் கழற்றுவாங்கள்.
சனம் குறைவென்டால் நாற்பது காணும்."

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"அண்ணா, அங்க ஒருத்தரும் நிற்கிறேல்ல.
ஒரு பலகை. பூட்டின கட்டடம் ஒன்டு.
மூன்றாம் கியரிலேயே போயிடலாம்."

துறைமுகத்தில் அந்நேரம் ஏதோ கப்பல் ஊதிற்று.
தீவுக்கு எல்லை தண்ணீர்தான்.
ஆனால் நான் யாழ்ப்பாணம் ஓடிய காலத்தில்
தண்ணீர் இல்லாத எல்லை ஒன்று ஓமந்தையில் இருந்தது,
செம்மண், தகரக் கொட்டில், ஒரு கயிறு.
அங்கே நின்ற மணித்தியாலங்களை
எந்த ஹயர் கணக்கிலும் நான் சேர்த்ததில்லை.

சரி, நாற்பதை வெட்டினேன்.
வெட்டியதை எங்கே போடுவதென்று
பேனையைக் கடித்துக்கொண்டிருக்கையில் சொல்கிறாள்,
நிமலதாசன் பாதி வழிதான் வருவாராம்.
அவருடைய அட்டை நாட்டைத் தாண்ட விடாதாம்.

"ஒருத்தரும் நிற்கிறேல்ல என்டாய்?"

"ஓம், நிற்கிறேல்ல.
ஆனா அவர் இறங்கிடுவார்.
கடைசி ஊரில பேக்கரி ஒன்டு, அதுக்குள்ள இருப்பாராம்.
நீங்கள் பார்த்திட்டு வாங்கோ, படம் எடுங்கோ என்டுறார்."

சற்று நேரம் இருவரும் கதைக்கவில்லை.
அங்கே ஏதோ கரண்டி விழுந்த சத்தம்.

நான் ஓட்டுநர். எனக்கு வழிதான் முதலில் தெரியும்.
"வேறொரு கணவாயால் திரும்பினால்
பேக்கரியில் இருக்கிறவரை ஆர் ஏற்றுறது?"

அவளும் யோசித்திருக்கவில்லை.
தாளில் அழகாய்ச் சுற்றி வந்த வட்டத்தை
அழித்தேன். போன வழியாலேயே திரும்பும்
ஒற்றைக் கோடு கீறினேன்.
இத்தாலியில் சாப்பாடு இல்லை,
ஒரு கோப்பி குடி, கெதியாய்த் திரும்பு.
பதினொன்றுக்கு, எல்லைக்கு இந்தப் பக்கம்,
வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன
புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும்,
மூன்று பேரும்.
அதற்கு நேரே
நாற்பது நிமிடம்.

"மலையில பின்னேரம் மழை பெய்யும்," என்றேன்.
"குடையை அவரிட்டக் குடுத்திட்டுப் போ."

போனை வைத்தேன்.
நாலு மணிக்கு நுவரெலியா ஹயர்,
கண்டியால் போவதா கினிகத்தேனையால் போவதா என்று
இன்னும் யோசிக்கவே இல்லை.