மேலதிகக் கட்டணம்

நீலப் புத்தகம் சொல்கிறது: ஏறலாம்.
பொறுத்திருந்தால், அங்கேயும் படித்தால்,
நட்சத்திர ஒளியிலிருந்து நிலவுக்கு,
நிலவிலிருந்து சூரியனுக்கு.

பழைய எல்டர் ஒருவர் விட்டுப்போன போட்டோக்கொப்பி சொல்கிறது:
முடியாது.
வைத்த இடம் வைத்த இடந்தான், என்றென்றைக்கும்.

இரண்டையும் சொன்னவர்கள்
ஒரே கைகள் தொட்ட தலைகள்.

குலசிங்கம் செத்துப் பதினான்கு மாதம்.
கரையோரப் பாதையில் டிக்கெட் பரிசோதகர்.
சாராயம் குடிப்பார், அதைவிடக் கூடப் பிளேன்டீ.
இரண்டுமே ஆகாது என்றார்கள்.
வீட்டுக்கு வந்த பொடியன்கள் வட்டம் வட்டமாய்க் கீறிக் காட்ட
"நரகமில்லையா? மூன்று வகுப்பு மட்டுமா?
அப்போ ரயில்வேதான்"
என்று தேத்தண்ணிக் கோப்பையோடு சிரித்தார்.
ஞானஸ்நானம் எனக்கு மட்டும்.

இப்போது அவர் பெயரில் யாரோ
வேறொரு நாட்டில் தண்ணீருக்குள் போய் எழும்பலாமாம்.
அதுக்குப் பிறகு?
எந்தப் பெட்டி?

இந்த வருசத்து எல்டர்களைக் கேட்டேன்.
யூட்டாக்காரன் இல்லை என்றான்.
தொங்காக்காரன் "ஏன் இல்லை, சிஸ்டர்?" என்றான்.
பிறகு இருவரும் சப்பாத்தைப் பார்த்தார்கள்.
கிளைத் தலைவர் தஹநாயக்க சிங்களத்தில் சொன்னார்,
அது தீர்க்கப்படாத விடயமென்று.
மொழிபெயர்த்த பிள்ளை
"தீர்க்க முடியாத" என்றாள்.
அந்த ஒரு சொல்லோடு மூன்று இரவு கிடந்தேன்.
தலைமையகத்துக்கு எழுதினேன்.
கிளைத் தலைவரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது.

அலமாரியில் அவர் திருப்பிக் கொடுக்காத
மேலதிகக் கட்டணப் புத்தகம், கார்பன் தாளோடு.
மே மாதம் முழுக்க ஒரு துண்டுகூடக் கிழிக்கவில்லை.
மழைக்கு ஒதுங்கி இரண்டாம் வகுப்புக்குள் வந்த
பிள்ளைக்காரி, காய்ச்சல்காரன்,
கருவாட்டுக் கூடை.
அதுக்காகத்தான் ஒருமுறை மாகோவுக்கு மாற்றினார்கள்.

போன ஞாயிறு, ஆராதனை முடிந்து,
மூன்றாம் வகுப்புத் துண்டு கையில்.
கொள்ளுப்பிட்டி தாண்டக் கடல் யன்னலால் உள்ளே அடித்தது.
பம்பலப்பிட்டியில் இறங்கினேன்,
பக்கத்துப் பெட்டியில் ஏறினேன்,
மெத்தை இருக்கையில் இருந்தேன்.

பரிசோதகன் வந்தான். மீசை இன்னும் சரியாக வரவில்லை.
துண்டைப் பார்த்தான்.
சொட்டும் சேலைத் தலைப்பைப் பார்த்தான்.
அடுத்த இருக்கைக்குப் போனான்.
சட்டம் தெரிந்து போனானா,
தெரியாமலா,
நான் கேட்கவில்லை.

வெள்ளவத்தை வந்தது.
நான் இறங்கவில்லை.
தெகிவளை வரைக்கும் இருந்தேன்.