மேற்குரல்

மூன்று நொடி.
அவ்வளவுதான் அவருக்கு.
செசோத்தோவில் வாயைத் திறக்கிறார் மொட்லலெபூலா,
"நான் முதல்முதலாக இறங்கின அன்றைக்கு" என்று தொடங்குகிறார்.
கெரிஸ் சுட்டுவிரலால் குமிழைக் கீழே இழுக்கிறாள்.
அவர் குரல் இறங்குகிறது.
அதன் தலைமேல் என் ஆங்கிலம் ஏறி நிற்கிறது.

கார்டிஃபில் ஜன்னல் இல்லாத ஓர் அறை.
வெளியே மழையா என்பதை
உள்ளே வருகிறவர்களின் தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.
இருபத்தெட்டு நிமிட நிகழ்ச்சி.
அதில் அவருக்கு ஆறு நிமிடம் பதினொரு நொடி,
மீதி தங்கத்தின் விலை, வழக்கறிஞர், ஒரு பேராசிரியர்,
எங்கிருந்தோ எங்கோ போகும் ரயில் சத்தம்.
எனக்கு மணிக்கணக்கில் கூலி.
அடுத்தவர் வாயாக இருப்பது என் பிழைப்பு.
போன வாரம் ஓர் அமைச்சர்,
அதற்கு முந்தின வாரம்
எல்லையில் ஆடுகளைப் பறிகொடுத்த மேய்ப்பன்.

லெபுவாஜொவாங் என்று எனக்குப் பெயர்.
'எப்படிப் பேசுகிறீர்கள்?' என்று அர்த்தம்.
வைத்தவர்களுக்கு
இப்படி ஒரு வேலை இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அவர் சொல்கிறார், நான் சொல்கிறேன்:
கூண்டில் நாற்பது பேர்.
ஒருவன் மூச்சு இன்னொருவன் பிடரியில்.
கயிறு விட்டதும் காது அடைத்துக்கொள்ளும்.
வெடி வைத்த பிறகு தூசி படியட்டும், காத்திருங்கள் என்பார்கள்,
மேஸ்திரி காத்திருக்க விட்டால்தானே.
மாவு மாதிரி இருக்கும் அது. ருசிகூட உண்டு.

"என்ன ருசி?" என்று கெரிஸ் கேட்டிருக்கிறாள்.
பதிவில் அதற்குப் பதில் இல்லை.
இருமல் இருக்கிறது.

இருமல் நிறையவே இருக்கிறது.
எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்திருந்தாள்,
திரையில் கடைசி வரிசையில் பச்சை நிறத்தில்
முப்பத்தேழு துண்டு,
சாப்பிட்டவர் தட்டோரம் ஒதுக்கிய மீன்முள் போல.
"கேட்கிறவர்கள் அணைத்துவிடுவார்கள்" என்றாள்.
கெட்டவள் இல்லை.
மஃபெத்தெங்கில் அவர் வீட்டுத் தரையில் ஒன்பது இரவு படுத்தவள்.
வரும்போது அந்த வீட்டின் மௌனத்தையும்
ஒரு நிமிடம் பதிந்து கொண்டுவந்தாள்.
வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட அது வேண்டும்.

ஒரு நிமிட மௌனத்தில்
வெயில் தாங்காமல் தகரக்கூரை ஒருமுறை சொடுக்குகிறது.
யாரோ கோழியை விரட்டுகிறார்கள்.
அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.
சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், பாவம்.
ஹெட்ஃபோனை இறுக்கிக்கொண்டு கேட்டால் தெரியும்
இருமாமலிருக்க ஒரு நிமிடம்
எத்தனை நீளம் என்று.

அதைக் கேட்டபின்தான் கடைசிப் பத்தியை வாசித்தேன்.
"இழப்பீடு வந்தால் முதலில்" என்ற இடத்தில்
நிறுத்தினேன்.
இரண்டு. மூன்று. நான்கு நொடி.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கெரிஸ் கையை விரித்தாள்.
ஏன் நிறுத்தினாய்?
அவர் அங்கே நிறுத்தினார்.
அங்கே அவர் இருமினார்.
ஆமாம், என்றேன்.
கடிகாரத்தைப் பார்த்தாள்.
நான்கு நொடியை யாரிடமிருந்து எடுப்பது?
பேராசிரியரிடமிருந்து, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. எடுத்தாள்.
பச்சை வரிசையிலிருந்து ஒரே ஒரு முள்ளைத்
திரும்பக் கொண்டுவந்து செருகினாள்.

நிகழ்ச்சி போன மறுநாள்
அவர் மருமகள் ஃபோனிலிருந்து ஒரு குரல்செய்தி.
வானொலியில் இங்கிலீஷ் ஒன்றும் விளங்கவில்லையாம்.
இருமல் வந்ததும் மட்டும்
"இதோ, இது நான்" என்று
கூடியிருந்தவர்களுக்குக் காட்டினாராம்.
பிறகு அவரே பேசினார், யாரும் குமிழை இழுக்காமல்:
"என் மேலே நின்று பேசினானே ஒருத்தன்,
அவன் எந்தச் சுரங்கத்தில் இருந்தான்?
கேட்டுச் சொல்லுங்கள்."

பதில் பதிய ஃபோனை வாயருகே கொண்டுபோனேன்.
கீழே ஒரு பஸ் நின்று கிளம்பியது.
மாடியில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.
நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன,
என் அறை மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது.