நீர் புகுந்ததாம்

சல்பிப் பாலையிலிருந்து எழுதுகிறேன்,
கபாலே துமால்,
போன் சார்ஜ் கடை.

சோலார் கன்ட்ரோலர் திரும்பி வந்தது,
மூன்று விளக்கும் செத்தபடியே.
கூடவே உங்கள் ஒற்றை வரி:
நீர் புகுந்த சேதம், வாரன்டி செல்லாது.

நைரோபியில் மழையா சார்?
இங்கே பதினாலு மாதமாக
வானம் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.
கிணற்றடியில் ஒட்டகங்களுக்கே
ஐந்து நாளைக்கு ஒரு முறைதான்.

நேற்று நானே திருகாணி கழற்றினேன்.
கருகிய கெப்பாசிட்டர். ஒரு சிட்டிகை மணல்.
நாக்கில் வைத்தும் பார்த்தேன்.

பில் இணைத்திருக்கிறேன்,
பஸ் பார்சல் கூலி இரண்டு தடவைக்கும்.

உள்ளே எந்த மூலையில்
அந்த நீரைக் கண்டீர்கள்?
குறித்து அனுப்புங்கள்,
மண்வெட்டியோடு வருகிறோம்.

பதிலைக் காகிதத்தில் போடவும்.
என் போனில் சார்ஜ் இல்லை.